துணியும் உப்பும்: குடிநீர் காத்த உயிர்களின் வரலாறு

சமண இல்லங்களில் குடத்தின் வாயில் கெட்டியான வெண்துணியை இரட்டையாக மடித்துக் கட்டி, கிணற்று நீரை அதன்வழியே வடிகட்டி எடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளது. நீர் வடிந்தபின் துணியைப் புறம் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் சிறிது வார்த்து, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த கிணற்றிலேயே சேர்த்துவிடுவதும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதியாகும். குழாய்நீரும் புட்டிநீரும் பெருகிவிட்ட இக்காலத்தில், குழாய் முனையில் கட்டிய சிறு துணியாக அது பல வீடுகளில் எஞ்சி நிற்கிறது.

அத்துணியைப் போலவே எளிய பொருள் மற்றொன்றும் உண்டு. அது நீரில் கரைத்த சிறிது உப்பும் சர்க்கரையும் ஆகும். நீர் தூயதாக இருக்க வேண்டும் என்பதற்குத் துணி. உடலில் நீர் குறையாதிருக்க வேண்டும் என்பதற்கு உப்பும் சர்க்கரையும். மருத்துவ வரலாற்றில் இவ்விரண்டும் காத்த உயிர்கள் எண்ணிறந்தவை. ஆயினும், விலையற்றவை, எவர் கையிலும் இருப்பவை என்னும் காரணத்தாலேயே இவை இரண்டும் நெடுங்காலம் அறிஞர்களின் நம்பிக்கையைப் பெறாமல் இருந்தன. அந்த நம்பிக்கை எவ்வாறு மெல்ல மெல்லப் பிறந்தது என்பது அறியத்தக்கதொரு வரலாறு.

உயிர்க்கருணையும் குடிநீரும்

சமண நெறி நீருக்குள் வாழும் உயிர்களை ஏற்பதோடு அமையாமல், நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு எனக் கொள்கிறது. அவற்றை அப்காயிக ஜீவன்கள் என்பர். சுவேதாம்பர ஆகமங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றான ஆசாராங்க சூத்திரத்தின் முதல் அத்தியாயம், மண், நீர், தீ, தாவரம், இயங்கும் உயிர், காற்று ஆகியவற்றுக்கு இழைக்கப்படும் துன்பத்தையே பேசுகிறது. இதன் வழிவந்த ஒழுக்கமாகவே இல்லறத்தார் நீரை வடிகட்டி அருந்தினர். துறவியர், இல்லறத்தார் காய்ச்சி வைத்த நீரை மட்டுமே ஏற்றனர். உண்ணாநோன்பு இருப்போருள் நீர் அருந்தும் முறையை மேற்கொள்வோரும் காய்ச்சிய நீரையே, அதுவும் பகற்பொழுதில் மட்டுமே அருந்துகின்றனர்.

நோய்க் கிருமிகளை அறிந்தே முன்னோர் இவ்விதியை வகுத்தனர் என்று சில வேளைகளில் மேடைகளில் கூறப்படுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூற இடந்தரவில்லை. நீரை வடிகட்டியவர் கருதியது தம் உடல்நலத்தை அன்று. நீரில் வாழும் உயிரின் நலத்தையே ஆகும். துணியில் தங்கிய உயிரை மீண்டும் கிணற்றில் சேர்த்த செயலே இதற்குச் சான்று. நோய்க்கு அஞ்சி வடிகட்டுபவர் அதனைத் தரையில் உதறியிருப்பார். பிற உயிரைக் காக்க மேற்கொண்ட ஒழுக்கம், அருந்தியவரையும் காத்தது என்பதே மெய். அது எங்ஙனம் என்பதை விளக்க அறிவியலுக்கு 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

நரம்புச் சிலந்தி

இராசத்தான் முதலிய வறண்ட நிலப்பகுதிகளில் நெடுங்காலம் மக்களை வாட்டிய நோய் நரம்புச் சிலந்தி. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வளரும் மெல்லிய புழு, நோயாளியின் காலில் கொப்புளத்தை உண்டாக்கி அதன்வழியே வெளிவரும். அதனை ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி, வாரக்கணக்கில் இழுத்து எடுப்பார்கள். இடையே அறுந்தால் புண் சீழ்வைக்கும். உழவர் நிலத்துக்குச் செல்ல இயலாது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல இயலாது.

இப்புழு உடலுக்குள் புகும் வழியை 1870ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் அலெக்சி பெட்சென்கோ கண்டறிந்தார். எரிச்சல் தாளாமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைக்கும்போது புழு தன் இளவுயிர்களை நீரில் விடுகிறது. நீரில் வாழும் 'சைக்ளாப்சு' என்னும் மிகச் சிறிய உயிரி அவற்றை உண்கிறது. அவ்வுயிரியோடு சேர்ந்த நீரைப் பருகுபவரின் உடலில் ஓராண்டுக் காலத்தில் புழு முதிர்கிறது. சைக்ளாப்சின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கூர்ந்து நோக்கினால் கண்ணுக்கும் புலப்படும். நெருக்கமாக நெய்த துணியை அது கடக்க இயலாது.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. இந்திய அரசு 1983-84இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம், நீரைத் துணியில் வடிகட்டுதல், படிக்கிணறுகளுக்கு மாற்றாகப் பாதுகாப்பான நீர்நிலைகளை அமைத்தல், நோயாளி நீரில் இறங்காமல் தடுத்தல் ஆகியவற்றையே கருவிகளாகக் கொண்டது. 1996இல் இராசத்தானில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1986இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேரை வருத்திய நோய், அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது.

இலண்டன் தெருவின் கைப்பம்பு

நரம்புச் சிலந்தி முடமாக்கிற்று; காலரா கொன்றது. 1817இல் வங்கத்தின் யசோர் பகுதியிலிருந்து பரவத் தொடங்கிய காலரா, ஆசியாவைக் கடந்து 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் பிணமாயினர். கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியது.

அதனை ஏற்காதவர் ஜான் ஸ்நோ. 1813இல் யார்க் நகரில் எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், பதினேழாம் வயதில் புலால் உணவை நீக்கிப் பல ஆண்டுகள் அந்நெறியில் நின்றவர், மதுவைத் துறந்தவர், தூய நீரையே அருந்த வேண்டும் எனக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியவர். காலரா நீரின் வழியே பரவுகிறது என்று 1849இல் எழுதினார். 1854ஆம் ஆண்டு ஆகத்து இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் நோய் வெடித்தது. பத்து நாட்களில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஸ்நோ வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எந்த நீரைக் குடித்தனர் என்று கேட்டறிந்தார். பெரும்பாலோர் பிராட் தெருவின் கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள். செப்டம்பர் 8ஆம் நாள் அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

அதே ஆண்டில் அவர் மற்றோர் ஆய்வையும் செய்தார். தென் இலண்டனில் இரு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் அண்டை வீடுகளுக்கு நீர் வழங்கின. ஒன்று கழிவு கலந்த தேம்சு நீரை எடுத்தது. மற்றொன்று நகருக்கு மேற்புறத்தே தூய நீரை எடுத்தது. நோயின் முதல் ஏழு வாரங்களில், முதல் நிறுவனத்தின் நீரைப் பெற்ற வீடுகளில் பத்தாயிரம் வீட்டுக்கு 315 பேரும், இரண்டாவது நிறுவனத்தின் நீரைப் பெற்ற வீடுகளில் 37 பேரும் இறந்திருந்தனர். காற்றும் தெருவும் ஒன்றே. வேறுபட்டது நீர் மட்டுமே. எனினும் அரசு அமைத்த குழு அவர் முடிவை ஏற்கவில்லை. 1858இல் ஸ்நோ காலமானபோதும் அவர் கருத்துப் பரவலான ஏற்பைப் பெற்றிருக்கவில்லை.

ஸ்நோ கணக்கால் நிறுவியதைக் கண்ணால் காட்டியவர்களுள் செருமானிய அறிஞர் ராபர்ட் கோக் தலையாயவர். 1883ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த அவர், காலராக் கிருமியைப் பிரித்தெடுத்ததோடு, மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே அதனைக் கண்டார்.

பழைய சேலை

காலராக் கிருமி சைக்ளாப்சைவிட மிக மிகச் சிறியது. துணியின் இழைகளுக்கிடையே எளிதில் நுழையும். ஆகவே வடிகட்டும் துணி காலராவைத் தடுக்காது என்றே அறிஞர் கருதினர். அமெரிக்க அறிஞர் ரீட்டா கோல்வெல் பல ஆண்டுகள் ஆராய்ந்து வேறோர் உண்மையைக் கண்டார். குளத்திலும் ஆற்றிலும் இக்கிருமிகளில் பெரும்பகுதி தனித்து நீந்துவதில்லை. சைக்ளாப்சின் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களின் உடல்மீது ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. அவ்வாறாயின், சிற்றுயிரைத் தடுக்கும் துணி கிருமியையும் தடுக்க வேண்டும் அல்லவா?

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 சிற்றூர்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே இது சோதிக்கப்பட்டது. சில ஊர்களின் பெண்களுக்கு, பழைய பருத்திச் சேலையை நான்காகவோ எட்டாகவோ மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் எடுக்குமாறு கற்பிக்கப்பட்டது. புதிய துணியைவிடப் பழந்துணியே சிறப்பாக வேலை செய்தது. பலமுறை துவைத்ததால் இழைகள் பிரிந்து பரந்து, துளைகள் சுருங்கியிருந்ததே காரணம். 2003இல் வெளியான முடிவின்படி, சேலையால் வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது.

துணி எல்லாக் கிருமியையும் தடுப்பதில்லை. தனித்து மிதக்கும் கிருமியும் நச்சுப்பொருளும் அதனைக் கடந்துவிடும். அதற்குக் காய்ச்சுதலே துணை. ஆயினும் காய்ச்ச விறகும் இல்லாத ஏழை வீட்டில் ஒரு பழந்துணி நோயைப் பாதியாகக் குறைத்தது என்பது சிறு செய்தியன்று. எந்தச் சிற்றுயிரைக் காக்கும் பொருட்டுச் சமண இல்லத்தார் துணி கட்டினரோ, அச்சிற்றுயிரே கிருமியைச் சுமந்து திரிந்தது. இரண்டு நோக்கங்களும் ஒரே துணியில் வந்து கூடின.

வற்றிய குருதி

தூய்மையின் வரலாறு இவ்வாறு நடக்க, நீரின் அளவைப் பற்றிய வரலாறு மற்றொரு புறம் நடந்தது. வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர்; பிறந்த குழந்தையின் உடலில் அது முக்கால் பங்கு. காலரா கடுமையாகத் தாக்கினால் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் உடலிலிருந்து வெளியேறும். கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, குரல் அடங்கி, நாடி மறைந்துவிடும். நோயாளியைக் கொல்வது இந்த வறட்சியே.

இதனை முதலில் தெளிவாக உணர்ந்தவர் வில்லியம் புரூக் ஓஷானசி. 1831இல் சண்டர்லாந்தில் காலரா நோயாளிகளின் குருதியைச் சோதித்தபோது அவருக்கு அகவை 22. குருதி தன் நீரையும் உப்பையும் பெருமளவில் இழந்திருக்கிறது என்றும், அவற்றைத் திரும்ப அளிப்பதே மருத்துவம் என்றும் அவர் எழுதினார். இவரே பின்னாளில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகி, இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவர்.

ஓஷானசியின் கருத்தை 1832 மே மாதத்தில் செயலாக்கினார் ஸ்காத்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமசு லாட்டா. எல்லா மருத்துவமும் கைவிட்ட ஒரு முதியவளின் சிரைக்குள் அவர் உப்புநீரை மெல்லச் செலுத்தினார். அரைமணி நேரத்தில் அவள் முகத்தில் ஒளி திரும்பியது, பேசினாள். தேறிவிட்டாள் எனக் கருதி லாட்டா அவளை வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். வயிற்றுப்போக்கு மீண்டும் தொடங்கியது. உப்புநீர் மீண்டும் செலுத்தப்படவில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள். இழப்பு நிற்கும் வரை ஈடுசெய்தலும் நிற்கக்கூடாது என்னும் பாடம் அந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருந்தது. லாட்டா அடுத்த ஆண்டே காலமானார். அவர் முறை மறக்கப்பட்டது. குருதியை வடித்தலும், பாதரச மருந்தும், அபினும் மீண்டும் கோலோச்சின. நீருக்குக் கதறிய நோயாளிகளுக்கு நீர் தரலாகாது என்று விலக்கிய மருத்துவர்களும் உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ரோசர்சு என்பவர் சிரைவழி உப்புநீரைச் செம்மைப்படுத்திச் சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். ஆனால் தூய்மையாக்கிய திரவமும், ஊசியும், பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்த நகர மருத்துவமனைக்கே அது உரியதாயிற்று. நோயோ சிற்றூர்களில் இருந்தது.

கல்கத்தாவும் டாக்காவும்

குடிக்கும் நீராலேயே இதைத் தீர்க்க இயலாதா? 1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, கடுமை குறைந்த காலரா கண்ட 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துத் தேற்றியதை இலண்டனின் லான்செட் இதழில் வெளியிட்டார். வயிற்றுப்போக்கை நிறுத்த அவர் பயன்படுத்தியது கற்பூரவல்லி இலைச்சாறு. அது தமிழக வீட்டுத் தொட்டிகளில் வளரும் செடியே. ஒப்பிட்டு நோக்க வேறொரு நோயாளிக் குழு இல்லை என்பதாலும், ஏன் பயனளிக்கிறது என்று அன்று விளக்க இயலாததாலும் அவ்வெளியீடு கவனிக்கப்படாமல் போயிற்று.

விளக்கம் இரு திசைகளிலிருந்து வந்தது. 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் தே, காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று நிறுவினார். குடற்சுவர் அழிந்துவிடுவதில்லை என்பது இதனால் விளங்கியது. 1960இல் அமெரிக்கரான ராபர்ட் கிரேன், குடற்சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்தே உட்புகுகின்றன என்று எடுத்துரைத்தார். உப்பு மட்டும் தந்தால் அது குடலிலேயே பெரிதும் நின்றுவிடும். சர்க்கரை உடன் சேர்ந்தால் இரண்டும் உள்ளே செல்லும்; அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். காலரா நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை.

அளவு தவறினால் தீங்கு நேரும் என்பதையும் அக்காலச் சோதனைகள் காட்டின. பிலிப்பைன்சில் 1960களின் தொடக்கத்தில் செறிவு மிகுந்த கரைசலைத் தந்தபோது நோயாளிகள் சிலர் இறந்தனர்; ஆய்வே சில ஆண்டுகள் தடைப்பட்டது. 1968இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் நாலினும் ரிச்சர்டு கேசும், நோயாளி இழக்கும் நீரை அளந்து அதே அளவு கரைசலைக் குடிக்கச் செய்தனர். சிரைவழித் திரவத்தின் தேவை 80 விழுக்காடு குறைந்தது. கல்கத்தாவிலும் இத்தகைய ஆய்வுகள் வெற்றி பெற்றன. எனினும் இவையெல்லாம் மருத்துவர் கண்காணித்த ஆய்வுக்கூட வெற்றிகள். எழுத்தறியாத தாய் ஒருத்தி இதனைச் செய்ய இயலும் என்று நம்பியவர் மிகச் சிலரே.

பன்காவ், 1971

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். மழைக்காலம், முகாம்களில் காலரா பரவியது. கல்கத்தா குழந்தை மருத்துவர் திலீப் மகலநாபிசு, சூன் இறுதியில் எல்லையோரப் பன்காவ் நகர மருத்துவமனையை அடைந்தார். இரண்டு அறைகளில் தரை முழுதும் நோயாளிகள் கிடந்தனர். அவர்களுக்கு ஊசி ஏற்ற, மலமும் வாந்தியும் படிந்த தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே சிரைவழித் திரவம் தீரும் நிலை வந்தது.

அப்போது அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் கணக்கில் பொடிகள் கல்கத்தாவில் கலக்கப்பட்டன. ஆய்வு நிலையத்தின் நூலக அறையே பொட்டலம் கட்டும் கூடமாயிற்று. பொடியை நெகிழிப் பைகளில் இட்டு, துணி தேய்க்கும் பெட்டியால் வாய் ஒட்டினர். முகாமில் பெரிய உருளைகளில் கரைத்து, குழாய் பொருத்தி வைத்தனர். நோயாளியின் தாயோ, தமக்கையோ, கணவனோ குவளையில் பிடித்துச் சென்று, வாந்தி எடுத்தாலும் விடாது சிறிது சிறிதாகப் புகட்டினர். கரைசலைக் கலக்கும் முறை துண்டறிக்கைகளாக எல்லையெங்கும் வழங்கப்பட்டது. மறைவாக இயங்கிய வங்கதேச வானொலியிலும் அறிவிக்கப்பட்டது.

எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டோர் அங்கே மருத்துவம் பெற்றனர். 30 விழுக்காடு வரை இருந்த சாவு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் கரைசலுக்கான செலவு சில காசுகளே. மருத்துவர் செய்த பணியைக் குடும்பத்தாரின் கைகள் செய்து முடித்தன. ஐயுற்றவர்கள் உடனே மனம் மாறவில்லை. ஆயினும் அம்முகாமை நேரில் கண்ட உலக சுகாதார நிறுவனத்தின் தீமான் பருவா போன்றோர் இம்முறைக்காக வாதாடினர். 1978இல் லான்செட் இதழ் தன் தலையங்கத்தில், அந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று எழுதியது. 2022இல் மறைந்த மகலநாபிசுக்கு 2023இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது.

மூன்று விரல் உப்பு

கண்டுபிடித்தல் ஒன்று, வீடுதோறும் சேர்த்தல் மற்றொன்று. விடுதலை பெற்ற வங்கதேசத்தில் பொட்டலம் வாங்கவும் வழியற்ற சிற்றூர்கள் பல. பிராக் என்னும் தொண்டு நிறுவனம், மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்னும் வாய்பாட்டை எடுத்துக்கொண்டு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்றது. பெண் பணியாளர்கள் சொல்லிவிட்டு வரவில்லை. தாய்மார்களையே கலக்கச் செய்து பார்த்தனர். பின்னர் வேறொருவர் சென்று, அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்து, அதற்கேற்பவே பணியாளருக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

தொடக்கத்தில் ஓர் இடர் தோன்றியது. தாய்மார்கள் கற்றனர், ஆனால் பயன்படுத்தவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளர்களே தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வேறு மருந்தை நாடினர் என்பது தெரிந்தது. உப்பும் வெல்லமும் மருந்தாகுமா என்னும் ஐயம் அவர்கள் உள்ளத்திலேயே இருந்தது. அவர்களுக்கு அறிவியல் விளக்கம் அளிக்கப்பட்டது. ஊரில் ஆண்களையும் அழைத்துப் பேசினர். அதன் பின்னரே மாற்றம் பிறந்தது. பத்தாண்டில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இம்முறை கற்பிக்கப்பட்டது.

இன்றைய கடமை

இத்துணை எளிய மருந்து இருந்தும், உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். இந்தியாவில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் ஐந்தில் மூவருக்கே உப்பு-சர்க்கரைக் கரைசல் கிடைத்துள்ளது. ஊசியும் விலையுயர்ந்த மருந்தும்தான் மருத்துவம் என்னும் எண்ணம் இன்னும் அகலவில்லை.

இன்று பரிந்துரைக்கப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கலவை 2002இல் திருத்தப்பட்டது. முன்னதைவிட உப்பும் சர்க்கரையும் குறைவு. பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் முழுவதையும் ஒரே முறையில் கரைத்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். நீரைக் குறைத்தலும் கூட்டுதலும் ஆகா. பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு ஈடாகா. குழந்தை சோர்ந்து குடிக்க இயலாத நிலையிலோ, மலத்தில் குருதி தோன்றினாலோ மருத்துவமனையை நாட வேண்டும்.

நோயில்லாத நாளிலும் நீரின் தேவை மறக்கத்தக்கதன்று. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது. ஆகவே முதியோர் தாகத்துக்குக் காத்திராமல் அருந்துதல் நலம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது போதிய நீருக்கு எளிய அடையாளம். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத நோன்புடையோர், பகற்பொழுதிலேயே சிறிது சிறிதாகப் பருகி அத்தேவையை நிறைவு செய்துகொள்ளலாம். சிறுநீரக நோயும் இதய நோயும் உடையோர்க்கு மருத்துவர் குறித்த அளவே அளவாகும்.

மகாவீரர் பிறந்த நாள் வருவது கோடை தொடங்கும் காலம். வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தல் இந்நாட்டின் பழைய அறம். வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீர்ப் பானையின் அருகே சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும், அவற்றைக் கரைக்கும் முறையை எழுதிய ஒரு பலகையையும் வைப்பதற்கு மிகுந்த பொருள் வேண்டியதில்லை. பன்காவ் முகாமில் குவளையோடு அமர்ந்திருந்த தாய்மாரின் கைகளே அந்நாளில் ஆயிரக்கணக்கானோரைக் காத்தன. அந்தக் கைகள் ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு.